ஒன்பதாவது வளைவு

மலையடிவாரத்தில் மஸ்தான் ராவுத்தர் குதிரை பழக்கிவந்தார். சவாரிக்கு அல்ல, பாரவண்டி இழுக்க. அவர் கைபட்ட குதிரை நடுவழியில் சண்டித்தனம் செய்து நின்றதாக யாரும் சொன்னதில்லை.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் சடையாண்டி. இருபது வருடம் மாட்டுவண்டி ஓட்டியவர், ராவுத்தரைவிட நான்கு வயது மூத்தவர். அதனால் குரு சீடரை அண்ணே என்றார். சீடர் குருவை ராவுத்தரே என்றார்.

சடையாண்டியின் கைக்கு முதலில் வந்தது மூன்று வயதுப் பெட்டைக் குதிரை. நிறத்தை வைத்து அதற்குச் செவலை என்று பெயர். ஒரு மாதம் வெறும் கழுத்துப் பட்டையை மாட்டி நடக்கவிட்டார்கள். பின்னால் ஒன்றும் கிடையாது. பிறகு வாரில் ஒரு பனந்துண்டைக் கட்டினார்கள். பிறகு வெறும் வண்டி. பிறகு அந்த வண்டியில் நாளுக்கு இரண்டு கூடை மணல் கூடிக்கொண்டே போனது.

ஒருநாள் மணல்வண்டியின் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. செவலை முக்கி முக்கி இழுத்தது. முன்கால்கள் நடுங்கின. சடையாண்டி லகானைத் தளர்த்தப் போனார். அதற்குள் ராவுத்தர் ஓடிவந்து சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார். வண்டி ஏறிவிட்டது. பின்னால் நடந்தது எதுவும் தெரியாமல் செவலை நடந்துபோனது.

ராவுத்தரின் தோளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"நிக்க விட்டிருக்கலாமே. மணலை இறக்கியிருப்பேன்," என்றார் சடையாண்டி.

"நின்னா அதுக்குத் தெரிஞ்சுபோயிடும் அண்ணே."

"என்ன தெரிஞ்சுபோயிடும்?"

"தன்னால இழுக்க முடியாத பாரமும் உண்டுன்னு. ஒரு தடவை தெரிஞ்சுட்டா, அப்புறம் ஒவ்வொரு ஏத்தத்துலயும் நின்னு யோசிக்கும். இப்ப அது என்ன நினைச்சுக்கிட்டிருக்கு? இந்த ஆள் பூட்டினா, அது நம்மால முடியிற பாரமாத்தான் இருக்கும்னு."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா இனிமே ஒவ்வொரு தடவையும் அது நிஜமா இருக்கணும். அதை நீங்கதான் பாத்துக்கணும்."

சடையாண்டி தலையாட்டினார்.

இரண்டு வருடம் கழித்து அவர் செவலையை ஓட்டிக்கொண்டு மலைப்பாதைக்கு வேலைக்குப் போனார். மலைமேல் ஒரு சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லெல்லாம் கீழிருந்து ஏற வேண்டும். பன்னிரண்டு வளைவு. மற்ற வண்டிகள் இரண்டு நடை போனால் செவலை மூன்று நடை போனது. மேஸ்திரி எல்லார் முன்னாலும் சடையாண்டியின் பெயரைச் சொல்லிப் பேசினார். மாட்டுவண்டிக்காரனாக இருந்தவரை அவர் பெயரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எட்டு மாதம் கழித்து அவர் நடந்து திரும்பினார். தோளில் கழுத்துப் பட்டை மட்டும் இருந்தது.

ராவுத்தர் ஒரு குதிரைக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். பட்டையைப் பார்த்ததும் கை நின்றது.

"எங்க?"

"ஒன்பதாவது வளைவுல."

மேற்கொண்டு கேட்காமலே சடையாண்டி சொல்லத் தொடங்கினார். அன்று காலையில் மழை. இன்னொருவனுடைய குதிரை அடிவாரத்திலேயே படுத்துக்கொண்டது. அவன் சாட்டையின் பிடியால் அதை முகத்திலேயே அடித்தான். அது எழவில்லை. மேஸ்திரி அந்த வண்டியின் கல்லையும் செவலையின் வண்டியில் ஏற்றச் சொன்னார். உன் குதிரைதான் எங்கும் நிற்பதில்லையே என்றார். சடையாண்டி மறுக்கவில்லை. எட்டு வளைவு ஏறிற்று. ஒன்பதாவதில் முழங்கால் தரையில் மோதியது. எழுந்தது. இன்னும் நாலடி இழுத்தது. மூக்கில் ரத்தம் வந்தது. வண்டியில் பூட்டியபடியே விழுந்துவிட்டது.

"கல்லைக் கட்டின கயிறு என் கையிலதான் இருந்துச்சு ராவுத்தரே. ஒரு நிமிஷம் அது நின்னிருந்தா பாதிக் கல்லைத் தள்ளிவிட்டிருப்பேன். நிக்கும் நிக்கும்னுதான் பாத்துக்கிட்டே வந்தேன். அது ஏன் நிக்கல?"

ராவுத்தர் அந்தப் பட்டையையே பார்த்தார்.

"நீங்கதான் அதை நிக்கவே தெரியாம பழக்கிட்டீங்க."

"ஆமா. நான்தான்."

இவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொள்வார் என்று சடையாண்டி எதிர்பார்க்கவில்லை.

"என் கையில பழகினதுல இப்படிப் போறது இது நாலாவது," என்றார் ராவுத்தர்.

"மூணு செத்த பிறகுமா இப்படியே பழக்குறீங்க?"

"நிக்கத் தெரிஞ்ச குதிரை என்ன ஆகும்னு அடிவாரத்துல பாத்தீங்களே. அது இப்ப எப்படி இருக்கு?"

"ஒரு கண்ணு போயிடுச்சு. தோலுக்கு வித்துட்டாங்க."

ராவுத்தர் மறுபடி தேய்க்கத் தொடங்கினார். குதிரை சுகத்தில் கழுத்தை நீட்டியது. சடையாண்டி பட்டையை இறக்கிக் கீழே வைக்காமல் நின்றிருந்தார். ராவுத்தர் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டார் ராவுத்தர்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா நிக்கும்னு பாத்துக்கிட்டிருந்தீங்க?"

சடையாண்டி பட்டையை மறு தோளுக்கு மாற்றினார்.

"ரெண்டாவது வண்டிக் கல்லையும் ஏத்தி முடிச்சீங்க. அப்ப அது என்ன செஞ்சுது? யோசிச்சுச் சொல்லுங்க."

அதுவரை அவர் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. நினைத்ததும் குரல் இறங்கிவிட்டது.

"உடனே கிளம்பல. முன்னங்காலைத் தூக்கித் திரும்ப அங்கயே வச்சுது. ரெண்டு காதையும் பின்னால என் பக்கம் திருப்புச்சு."

"நீங்க?"

"போம்மா, உன்னால முடியும்னேன்."

ராவுத்தர் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"அது உங்களைக் கேட்டிருக்கு அண்ணே. நீங்க பதில் சொல்லிட்டீங்க. அப்புறம் அது எதுக்கு நிக்கணும்?"