எடைக்கேற்ற புகை

கொற்றவனூர் என்று ஒரு ராஜ்ஜியம். அங்கே சிம்மாசனம் உண்டு, வெண்சாமரம் உண்டு, கூடவே காரும் உண்டு. ராஜா காலத்தில் ஏது கார் என்று இப்போதே குறுக்கே விழுந்தால் கதை நகராது.

அந்த ஊரில் திடீரென்று எல்லோர் கையிலும் காசு புரண்டது. காசு வந்ததும் கார் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் வாசலில் நின்ற காரைப் பார்த்தார்கள். அரண்மனை மாடியில் நின்றால் எதிரே இருந்த மலையைக் காணோம், வெறும் புகை.

ராஜா மாறவேலருக்கு மலை போனதுகூடப் பெரிதில்லை. அவருடைய ஒரே மகள், சின்னப்பெண் வடிவுநாச்சி, இருமிக்கொண்டே இருந்தாள். வைத்தியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"தை பிறக்கிறதுக்குள்ளே ஊரில் புகை குறையணும் மகாராஜா. இல்லாவிட்டால் குழந்தையைக் கடற்கரைப் பக்கம் அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடணும்."

மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் ராஜாவுக்குச் சோறு இறங்காது. உடனே மகாமந்திரி சூரப்ப பூபதியைக் கூப்பிட்டார். "புகையைக் குறைக்க ஒரு சட்டம் கொண்டு வாரும்" என்றார்.

பூபதியின் மருமகன் கார் வியாபாரி. அதுவும் பெரிய பெரிய கார்கள் மட்டும். இதை ராஜா மறந்திருக்கலாம், பூபதி மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கொற்றவனூரில் எடைக்கு ஏகப்பட்ட மரியாதை. ஆண்டுதோறும் ராஜாவைத் தராசில் உட்காரவைத்து, எடைக்கு எடை வெல்லம் வைத்து ஊருக்குப் பங்கிடுவார்கள். பெரிய மனிதர்கள் பேரைச் சொன்ன கையோடு எடையையும் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்வார்கள்.

அதனால் பூபதியின் சட்டம் சபைக்குத் தேனாக இனித்தது. "காரை எடை போடுவோம் மகாராஜா. கனமான கார் கொஞ்சம் தாராளமாகப் புகை விடலாம். லேசான கார் அடக்கமாக விடணும். யானையும் ஆடும் ஒரே அளவா தின்கின்றன?"

சபை தலையாட்டியது. தராசில் உட்கார்ந்து பழகிய ராஜாவும் தலையாட்டினார்.

கோட்டை வாசலில் எடைமேடை வந்தது. பக்கத்தில் புகையை அளக்க ஒரு கருவி. பெரிய கார்கள் கரியைக் கக்கிக்கொண்டே வந்து, 'சுத்தம்' என்று முத்திரை வாங்கிப் போயின. பாவம், சின்னக் கார்கள் மாட்டிக்கொண்டன. ஜனங்கள் சின்னதை விற்றுவிட்டுப் பெரியதை வாங்கினார்கள். மருமகன் கடையில் நிற்க இடமில்லை. வடிவுநாச்சியின் இருமல் கூடியது. அத்தைக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்தச் சபையில் குழைக்காதர் என்று ஒருவர் இருந்தார். காற்றடித்தால் தூணைப் பிடித்துக்கொள்ளும் ஒல்லி உடம்பு. எடைக்கு மரியாதை தரும் ஊரில் ஒல்லியாகப் பிறந்தவருக்கு வாய்தானே துணை? அவர் காரும் அவரைப் போலவே சின்னது. ஒருநாள் அதையும் எடைமேடையில் மறித்தார்கள்.

"இந்த எடைக்கு இந்தப் புகை கூடாது. அளவைத் தாண்டிவிட்டீர்" என்றான் காவலன்.

"எனக்கு முன்னால் போன கார் இதைவிட மும்மடங்கு புகை விட்டதே அப்பா."

"அதுக்கு அவ்வளவு எடை இருக்கு. உம்ம காருக்கு இருக்கா?"

பூபதி தூரத்தில் நின்று சிரித்தார். "நாளைக்குச் சட்டப்படி சரிசெய்து கொண்டு வாரும், குழைக்காதரே."

"அப்படியே ஆகட்டும்" என்று இவரும் சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் ராஜா பூபதியோடு கோட்டை வாசலில் நின்றிருந்தார். மகளை உள்ளே உட்காரவைத்துப் பல்லக்கைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அப்போது குழைக்காதர் கார் முக்கி முனகி வந்தது. பின்னால் கருப்பாகப் புகை. உள்ளே இரண்டு ஆட்டுக்கல், ஒரு அம்மி. அவர் மடியில் ஒரு குழவி.

எடைமேடையில் ஏற்றினார்கள். புகையை அளந்தார்கள். காவலன் முத்திரை குத்திக் கொடுத்தான். "சுத்தம்."

ராஜா புருவத்தை நெரித்தார். "என்ன கூத்து இது? நேற்று புகை குறைவாக இருந்தும் குற்றம் என்றார்களாமே. இன்று இவ்வளவு புகை, சுத்தமா?"

"நேற்று என் கார் பட்டினி மகாராஜா. ராத்திரியே கல்லைத் தின்னக் கொடுத்தேன். சட்டத்துக்குப் பிடித்த உடம்பு வந்துவிட்டது."

"மடியில் அந்தக் குழவி எதற்கு?"

குழைக்காதர் சிரிப்பை விட்டுவிட்டார். "இது இளவரசிக்கு மகாராஜா. புகை விடுகிற காரையெல்லாம் எடை போட்டோம். அந்தப் புகையை மூச்சில் இழுக்கிற குழந்தையை யாரும் எடை போடவில்லை. எடை கூடினால் புகை எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை என்பதுதானே சட்டம்? குழந்தை இதைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருக்கட்டுமே."

பல்லக்குக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. ராஜா பூபதியைப் பார்த்தார். பூபதி தரையைப் பார்த்தார்.

"பல்லக்கை இறக்குங்கள்" என்றார் ராஜா. "நாளையிலிருந்து எல்லாக் காருக்கும் ஒரே அளவு. இந்த ஆண்டு இருக்கிற அளவு அடுத்த ஆண்டு இன்னும் குறையணும். மீறினால் வாங்கினவனைக் கேட்கமாட்டேன், விற்றவனைக் கேட்பேன். பூபதி, முதலில் உம்ம மருமகனுக்குச் சொல்லியனுப்பும்."

சொன்னபடியே நடந்தது. பொங்கலுக்கு வடிவுநாச்சி அரண்மனை முற்றத்தில்தான் கரும்பு கடித்தாள். அது பிறகு நடந்தது. அன்றைக்கு ராஜா குழைக்காதர் தோளில் கைபோட்டு, "என்ன பரிசு வேண்டும், கேளும்" என்றார்.

"பெரிதாக ஒன்றும் வேண்டாம் மகாராஜா. நாளைக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டால் இந்தக் கல்லைச் சுமந்து விடுகிற புகைக்கு என் காரை வாசலிலேயே பிடித்துவிடுவார்கள். ஏற்றும்போது தெருவே வந்து தூக்கியது, இறக்க ஒருவரையும் காணோம். எடையின் அருமை தெரிந்தவர் மகாமந்திரிதான், அவரைக் கொஞ்சம் கைகொடுக்கச் சொல்லுங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் பல்லக்குக்குள் தூங்கிப்போயிருந்த குழந்தை எழுந்துவிட்டாள். பூபதி அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.