பதினைந்தாவது தாவல்

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் கோடில், ஒரு வரியிலிருந்து வேறொரு வரிக்குக் குதிக்கவைக்கும் பதினான்கு ‘கோ டூ’ தாவல்களையும் தலைமைப் பொறியாளர் சேஷகிரி துடைத்தெறிந்திருந்தார். இனி பிழை வந்தால் கோடு எங்கும் தாவாமல், நின்ற இடத்திலிருந்தே திரும்பிவிடும்.

"ஒரு குறை காட்டும்மா, இல்லேன்னா மதியத்துக்குள்ள ஒப்புதல் குடு. சாயங்காலம் எல்லா மெஷினுக்கும் போகணும்" என்றார், புதிதாய்ச் சேர்ந்த டெஸ்டர் பொன்மொழியிடம்.

"முதல்ல உங்க லேப்டாப்ல ஓட்டிப் பார்ப்போம் சார்."

ஓட்டினார்கள். ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போதே பொன்மொழி பென் டிரைவை உருவினாள். திரை அப்படியே உறைந்தது.

"என்ன பண்ணினே?"

"பிழை வந்ததும் உங்க கோடு திரும்பிடுச்சு சார், வேற எதுவும் குறுக்கிடாம இருக்கப் போட்ட பூட்டைத் திறக்காமலே. மத்த வேலையெல்லாம் அதுக்காகக் காத்து நிக்குது. திறக்கிற வரி, நீங்க எடுத்த தாவல் போய்ச் சேர்ற இடத்துல இருக்கு."

சேஷகிரி குரலைத் தாழ்த்தினார். "இப்ப இதை எப்படி எழுப்புறது?"

"பவர் பட்டனை அழுத்துங்க சார். முதல் வரிக்கே தாவிடும்."