நாவல்மேட்டில் எருமை நிறுத்த இடம்

பெரிய குளம் ஒன்றின் கரையில், நாவல்மேடு என்ற இடத்தில், காட்டு உயிர்களுக்காக ஒரு கல்லூரி நடந்துவந்தது. நாவல் மரத்து நிழல்தான் வகுப்பறை. மரங்கொத்தி மூன்று முறை கொத்தினால் மணி அடித்ததாக அர்த்தம். முதல்வர் ஓர் உடும்பு. நேர விஷயத்தில் பிடித்த பிடியை விடமாட்டார். மற்ற எல்லாவற்றிலும் பஞ்சு மாதிரி.

அங்கே படித்த பொன்மூக்கி என்ற மைனாவுக்கு ஒரே ஓர் ஆசை. மழைக்குறிப் பரீட்சையில் தேறித் தன் தோப்புக்கு மழைசொல்லி ஆக வேண்டும். போன ஐப்பசியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்த மழை, தோப்பில் பாதிக் கூடுகளை நனைத்துவிட்டது. அவள் கூடும் அதில் ஒன்று. அந்தக் குளிர் அவளுக்கு மறக்கவே இல்லை.

ஆனால் அவள் பேரில் ஏற்கெனவே ஒன்பது தாமதங்கள் விழுந்திருந்தன. பத்தாவதும் விழுந்தால் பரீட்சைக்கு உட்கார முடியாது. தாமதத்துக்குக் காரணம் தூக்கம் அல்ல, எருமை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கொக்கு எருமை முதுகில் ஏறி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு கல்லூரிக்குள் வந்தது. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. அன்று பிடித்தது வினை. ஆளுக்கு ஓர் எருமை வேண்டும் என்றாகிவிட்டது. நாலு மரம் தள்ளிக் குடியிருந்த அணில் வரியன்கூட எருமையில்தான் வந்தான். அவன் ஏறி உட்காரும் நேரத்தில் ஓடியே வந்து சேர்ந்திருக்கலாம். அதை அவனிடம் யார் சொல்வது? பறந்து வந்தவர்களைப் பார்த்து, "பாவம், இன்னும் இறக்கையிலதான் வர்றாங்க" என்று சிரித்தார்கள். பொன்மூக்கிக்கும் மானம் என்று ஒன்று இருந்ததே! கரும்பாயி என்ற எருமையிடம், தினமும் உண்ணி பொறுக்கித் தருவதாகப் பேசி, அவளும் சவாரி வரத் தொடங்கினாள்.

மேட்டில் இருபது எருமைக்குத்தான் இடம். எருமையில் வந்தவர்கள் அதை வரிசையில் நிறுத்திவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழையலாம் என்பது சட்டம். பொன்மூக்கி கரும்பாயியோடு மேட்டை மூன்று சுற்றுச் சுற்றுவாள். அதற்குள் மரங்கொத்தி கொத்தி முடித்துவிடும்.

ஒன்பதாவது தாமதம் விழுந்த அன்று அவள் பொறுமை போய்விட்டது. நாவல் மரத்துக் கிளையில் ஏறி நின்று கத்தினாள்.

"எருமை நிறுத்த இடம் கொடு!"

கீழே எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். தலைவி என்று வரியன் அவளுக்கு ஒரு கொய்யாவே கொண்டுவந்து கொடுத்தான். முதல்வர் உடும்பு ஓடி வந்தார்.

"எதுக்கு இவ்வளவு சத்தம்? விளையாட்டு மைதானத்த எடுத்துக்குங்க" என்றார்.

ஒரு வாரம் சௌகரியமாக இருந்தது. மேட்டில் இடம் இருக்கிறது என்ற சேதி பரவியதும், அதுவரை பறந்து வந்த கிளிகளும் தவிட்டுக்குருவிகளும் எருமை தேடிப் போயின. மைதானம் நிறைந்துவிட்டது. மறுபடியும் போராட்டம். முதல்வர் சாப்பாட்டுக்கு இருந்த இலந்தைப் புதரை வெட்டிக் கொடுத்தார். அதுவும் நிறைந்தது. கடைசியில் நாவல் மர நிழலையே எருமைகளுக்கு விட்டுவிட்டு, வகுப்பைப் பாறை மேல் மாற்றினார். எருமைகள் நிழலில் அசைபோட, மாணவர்கள் வெயிலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பாடம் கேட்டார்கள். அப்போதும் இடம் போதவில்லை. பத்தாவது தாமதம் விழாமலிருக்கப் பொன்மூக்கி நாளுக்கு நாள் முன்னதாகக் கிளம்பி வந்தாள்.

பரீட்சை நாள் வந்தது. பொன்மூக்கி பொழுது புலர்ந்ததுமே கிளம்பிவிட்டாள். கரும்பாயி ஆடி அசைந்து நடந்தது. பாதை நெடுக எருமைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. குளக்கரையோடு வரிசை நின்றே விட்டது. முன்னே பார்த்தால் வால்கள், பின்னே பார்த்தால் கொம்புகள்.

"கவலைப்படாதீங்க கரும்பாயி அக்கா" என்றாள் பொன்மூக்கி. "பரீட்சை முடியட்டும். குளத்தத் தூத்து இடம் கேட்டு முதல்வர்கிட்ட மனு குடுத்திருக்கோம். அப்புறம் இந்தத் தொல்லையே இருக்காது."

கரும்பாயியின் வாய் அசைபோடுவதை நிறுத்தியது.

"குளத்தத் தூத்துட்டா நாங்க எங்க போயிப் படுக்குறது?"

"உங்களுக்காகத்தானே அக்கா கேக்குறோம். நீங்க நிக்க வேண்டாமா?"

"நாங்க நிக்க இடம் கேட்டோமா தாயி? எங்களுக்குக் குளத்துல படுத்துக் கெடந்தாப் போதும். நீங்க ஏறி வர்றதாலதான் வெயில்ல வந்து நிக்கிறோம்."

பொன்மூக்கிக்கு இத்தனை நாள் யாருக்காகத் தொண்டை கட்டக் கத்தினோமோ, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அப்போது மேட்டிலிருந்து மரங்கொத்தி முதல் கொத்துக் கொத்தியது.

"ஐயோ, பத்தாவது தாமதம்!" பொன்மூக்கிக்கு அழுகையே வந்துவிட்டது. "பரீட்சை போச்சு. தோப்புல என்ன சொல்லுவேன்?"

"அழுவாத புள்ள" என்றது கரும்பாயி. "நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. ஒன் முதுகுல ரெண்டு இறக்கை இருக்கே, அது எதுக்கு?"

பொன்மூக்கி முன்னும் பின்னும் பார்த்தாள். இத்தனை பேர் பார்க்கப் பறப்பதா? அவள்தானே தலைவி? இரண்டாவது கொத்துக் கேட்டது. மானம் பார்க்க நேரமில்லை.

"நீங்க போய்ப் படுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு எழும்பினாள்.

பழக்கம் விட்டுப்போன இறக்கை முதலில் தடுமாறியது. அப்புறம் தானாகவே வழிக்கு வந்தது. கீழே பார்த்தாள். குளத்தின் மேல் தும்பிகள் கூட்டம் கூட்டமாகத் தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்துகொண்டிருந்தன. கரையில் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறின. எருமை வரிசைக்குள் நின்றவரை வால்களைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படவே இல்லை.

மூன்றாவது கொத்து விழுந்தபோது அவள் பாறையில் இறங்கியிருந்தாள். அவளைப் பார்த்துப் பின்னாலேயே கிளிகள் பறந்து வந்தன. வரியன் எருமை முதுகுகளின் மேலேயே தாவித் தாவி ஓடி வந்து சேர்ந்தான்.

முதல்வர் உடும்பு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இன்னைக்கு மழை வருமா?"

வானம் பளிச்சென்றிருந்தது. வராது என்று பலரும் சொன்னார்கள். பொன்மூக்கி மட்டும், "சாயங்காலத்துக்குள்ள வரும் ஐயா. தும்பி தாழப் பறக்குது, எறும்பு மேடு ஏறுது" என்றாள். சொன்ன கையோடு தோப்புக்குப் பறந்தாள். கூடுகளின் வாய்க்கு இலை வைத்து எல்லோரும் அடைத்து முடித்தபோது முதல் தூறல் விழுந்தது. அன்றைய மழையில் அந்தத் தோப்பில் ஒரு குஞ்சும் நனையவில்லை. பொன்மூக்கி தன் கூட்டில் கதகதப்பாக உட்கார்ந்து மழைச் சத்தத்தை ஆசைதீரக் கேட்டாள்.

மறுநாள், பரீட்சையில் அவள் தேறிவிட்டதாகவும் தோப்புக்கு இனி அவள்தான் மழைசொல்லி என்றும் முதல்வர் சொன்னார். குளத்தைத் தூர்க்கக் கேட்கும் மனுவை அவளே போய்த் திரும்ப வாங்கிக் கிழித்தாள். அதன்பிறகு இறக்கை உள்ளவர்கள் பறந்து வந்தார்கள். முயலும் ஓணானும் கீரியும் ஒரே எருமையில் இடித்துப் பிடித்து ஏறி, கதை பேசிக்கொண்டு வந்தார்கள். வகுப்பு நாவல் மர நிழலுக்குத் திரும்பியது. முன்பிருந்த இருபது இடத்தில் பதினைந்து சும்மா கிடந்தது. கரும்பாயி கழுத்தளவு தண்ணீரில் கிடக்க, அதன் தலையில் உட்கார்ந்து பொன்மூக்கி பேசினபடி உண்ணி பொறுக்கிக் கொடுத்தாள்.

இடம் போதவில்லை என்று ஊரைக் கூட்டும் முன், நமக்கு மெய்யாகவே எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்துக்கொள்வதே அறிவு.