கறுப்புக்குத் திரும்பாத தலைகள்

"நான் நிறம் ஏத்துற தலை மட்டும் ஏன் ஜெசி மறுபடி கறுப்புக்குப் போகுது?" என்று கேட்டாள் தில்லைநாயகி.

ஜெசிந்தா கழுவிய சீப்புகளைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

உறையூரில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பார்லர். அங்கே ஜெசிந்தா குரு, தில்லைநாயகி சிஷ்யை. குருவைவிடச் சிஷ்யைக்கு வயது கூடுதல். ஆகவே குரு சிஷ்யையை அக்கா என்றாள். சிஷ்யை குருவை வா, போ என்றாள். வித்தைக்கு அதனால் ஒரு குறைச்சலும் வரவில்லை.

கறுப்பு முடியை விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாகப் பிரித்து, பவுடர் குழைத்துப் பூசி, ஃபாயில் தாளில் மடித்து வெளுத்து, செம்பு நிறமோ கோதுமை நிறமோ ஏற்றுவது அவர்கள் வேலை. ஜெசிந்தா போட்ட பட்டை தெருமுனையிலிருந்தே தெரியும். ஒளிவு மறைவு கிடையாது. ஜடை பின்னினால் மறைகிற மாதிரி உள்பக்கம் போடச் சொல்லி வருகிறவர்களுக்கு, தலையை நன்றாக அலசிவிட்டு, "போயிட்டு வாங்க" என்பாள்.

சற்று முன்தான் ஒரு பெண் மாடியிறங்கிப் போயிருந்தாள். போன வாரம் தில்லைநாயகி போட்ட பட்டைகளோடு சிரித்துக்கொண்டு போனவள். இன்று வந்து எல்லாவற்றையும் கறுப்பாக்கிக்கொண்டு போகிறாள். சித்தப்பா ஏதோ சொன்னாராம்.

ஒரு பெண்ணின் தலைமுடியைப் பற்றிக் கருத்துச் சொல்ல இந்த ஊரில் எந்தத் தகுதியும் தேவைப்படுவதில்லை. சித்தப்பாவாக இருந்தால் போதும்.

"அதே பவுடர். அதே ஃபாயில். நீ பிரிக்கிற அதே அகலம்" என்றாள் தில்லைநாயகி. "உன்கிட்ட போட்டவங்க வேர் வளர்ந்ததும் ஓடி வந்து திரும்பப் போட்டுக்கிறாங்க. என்கிட்ட போட்டவங்க ஒரு வாரம் தாங்க மாட்டேங்கிறாங்க. என் கையில ராசி இல்லையோ?"

"ராசி பார்க்கிற கடை எதிர்ப்பக்கம்."

"விளையாடாத. தையல் வேலையை விட்டுட்டு இதுக்கு வந்தேன். இன்னும் ஒரு தலை இப்படித் திரும்பி வந்தா, நான் புருவம் திருத்தப் போயிடுவேன். நூலு என்னைக் கைவிடாது."

ஜெசிந்தா கடைசிச் சீப்பைத் துடைத்து வைத்தாள்.

"அடுத்து வர்றவங்ககிட்ட நீங்க ஒண்ணும் பேசாதீங்கக்கா. பாருங்க."

"பேசாம இருக்கிறது எனக்கு வராதே."

"தெரியும். முயற்சி பண்ணுங்க."

அடுத்து வந்தவள் பெயர் சர்வமங்களா. நிலம் அளக்கும் சர்வேயர். கையில் ஹெல்மெட், ஷூவில் காய்ந்த வயல் சேறு, இடுப்புவரை ஒற்றை ஜடை.

"முன்னாடி ரெண்டு பக்கமும் பட்டையா வேணும். செம்பு நிறம். தூரத்துலேர்ந்தே தெரியணும்" என்றாள்.

ஜெசிந்தா அவளை உட்காரவைத்தாள். மேல்துணி கட்டினாள். ஜடையை அவிழ்த்து, முடியை உதறி, மெதுவாகச் சீவினாள். பிறகு கேட்டாள்:

"உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

தில்லைநாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டவளின் நெற்றியிலிருந்து கோதுமை நிறத்தில் இரண்டு பட்டைகள் தோள்வரை இறங்கிக்கொண்டிருந்தன.

"நீங்களே போட்டிருக்கீங்களே" என்றாள் சர்வமங்களா.

"இது என் பிழைப்பு. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"ஆசை வந்துச்சு. ஞாயித்துக்கிழமை கொழுந்தன் பொண்ணுக்குக் காதுகுத்து. அதுக்கு முன்னாடி போட்டுக்கணும்."

"சனமெல்லாம் வருமே."

"வரட்டும். சாப்பாடு அவங்களுக்குத்தானே ஆக்குறாங்க."

"உங்க ஓரகத்தி கேட்பாங்க, இந்த வயசுல இது தேவையான்னு."

"அவளுக்கு என் வயசு மட்டும்தான் தெரியும். என் தேவை எப்படித் தெரியும்?"

தில்லைநாயகி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மாமனார் முகம் சுளிப்பார்."

"அவர் தலைக்கு மாசாமாசம் மை கலக்கிக் கொடுக்கிறதே நான்தான். மீசைக்குத் தனிக் கிண்ணம். அதுக்கு யாரும் குடும்பத்தைக் கூட்டலையே."

"அது அவருக்கு முன்னாடி இருந்த நிறம்மா. இது உங்களுக்கு இல்லாத நிறம்."

சர்வமங்களா கண்ணாடியில் ஜெசிந்தாவை நேராகப் பார்த்தாள்.

"போனதை இன்னும் இருக்குன்னு காட்டிக்கிறது கௌரவம். இல்லாததை இல்லாததுன்னே காட்டி, பாரு, விலைக்கு வாங்கிப் போட்டிருக்கேன்னு நிக்கிறது மட்டும் தப்பா?"

எந்த மேடையில் சொல்லியிருந்தாலும் கைதட்டல் விழுந்திருக்கும். தில்லைநாயகி பவுடர் டப்பாவை நோக்கி நகர்ந்தாள்.

ஜெசிந்தா சீப்பைக் கீழே வைத்தாள்.

"ஆபீஸ்ல என்ன சொல்வாங்க?"

"வரப்புத் தகராறுக்கு நடுவுல சங்கிலி பிடிச்சு அளக்கிறவ நான். ரெண்டு பக்கமும் அருவாளோட நிப்பாங்க. அங்க எவனும் என் தலையைப் பார்க்க மாட்டான், அவனவன் நிலத்தைத்தான் பார்ப்பான்." மூச்சு வாங்கினாள். "இப்படி விசாரிக்கிறதுக்கு நீங்க என்ன தாசில்தாரா? போடுவீங்களா, மாட்டீங்களா?"

"டீ சொல்லிட்டு வரேன்" என்று ஜெசிந்தா உள்ளறைக்குப் போனாள்.

தில்லைநாயகி பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். அதுவரை பேசாமல் இருந்ததே அவளைப் பொறுத்தவரை ஒரு தவம்.

"வெட்கமா இல்ல உனக்கு? ஊரு கேட்கிறது போதாதுன்னு நீயும் கேட்கிற. அந்தம்மா ஒரு இடத்துலயாவது தோத்தாங்களா?"

"இல்ல. எல்லாத்துலயும் ஜெயிச்சாங்க. எனக்கே சிலிர்த்துச்சு."

"அப்புறம் ஏன் போடலை?"

"அந்தத் தலையில இப்ப ஃபாயில் வைக்க இடம் இல்லக்கா."

"முடி அடர்த்திதான். நாலு கிளிப் கூடப் போட்டா..."

"முடியைச் சொல்லலை. ஓரகத்தி உட்கார்ந்திருக்காங்க. மாமனார் மீசையோட உட்கார்ந்திருக்கார். அருவாளோட ரெண்டு பேர். அத்தனை பேர் மேலயும் எப்படி நிறம் ஏத்துறது?"

"அவங்களையெல்லாம் உள்ள கூட்டிட்டு வந்ததே நீதானே?"

"நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவங்க மாடிப்படியிலேயே அந்தம்மாகூட ஏறி வந்தாச்சு."

தில்லைநாயகிக்குப் புரியவில்லை. புரியாதபோது அவளுக்குக் கோபம் வரும்; வந்தது.

இருவரும் வெளியே வந்தார்கள். நிறம் நிறமாக மாதிரி முடிக்கொத்துகள் கோத்த வளையம் ஒன்றை எடுத்து ஜெசிந்தா சர்வமங்களாவின் மடியில் வைத்தாள். சும்மா, தன் கைப்பாரம் குறைய வைத்த மாதிரி.

"உங்க கொழுந்தன் சிரிப்பாரே?" என்று தொடங்கினாள்.

"அவனா? அவன் கல்யாணத்துக்கு அவன் போட்டிருந்த கோட்டை நீங்க பார்த்திருக்கணும். மயில் கழுத்துப் பச்சை. நாங்க யாராவது சிரிச்சோமா? சிரிச்சோம், ஆனா வெளிய போய்ச் சிரிச்சோம்." பேசிக்கொண்டே வளையத்தைப் புரட்டினாள். ஒரு கொத்தை எடுத்துக் கன்னத்தோரம் வைத்துப் பார்த்தாள். தள்ளினாள். அடுத்ததை எடுத்தாள்.

"மாமியார்?"

"அவங்க பாவம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொன்னாலும்..."

அந்த வாக்கியம் முடியவில்லை.

சன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள் சர்வமங்களா. வெயில் அவள் கையிலிருந்த செம்புக் கொத்தில் விழுந்தது. காதுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரல் தடிமனுக்குத் தன் முடியில் ஒரு பிரியை முன்னால் இழுத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். புருவத்துக்கு மேலே உயர்த்தினாள். கொஞ்சம் இறக்கினாள். ஹெல்மெட் அழுத்திய வடு அவள் நெற்றியில் இன்னும் இருந்தது. அதற்குச் சற்று மேலே விரலை வைத்து நிறுத்தினாள்.

"பக்கத்து வீட்டுல?" என்றாள் ஜெசிந்தா.

விரல் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்வார்?"

சர்வமங்களா பிரியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினாள்.

குருவின் கேள்வி அந்தரத்தில் நிற்பது சிஷ்யைக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, காதருகில், சற்று உரக்கவே எடுத்துக்கொடுத்தாள்:

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்வாருன்னு கேட்கிறாங்க."

"யாரு?" என்றாள் சர்வமங்களா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தில்லைநாயகி நிமிர்ந்தாள். அந்தத் தலையில் இப்போது ஃபாயில் வைக்க இடம் இருந்தது. உத்தரவுக்கு ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை.

பவுடர் குழைக்கும் கிண்ணத்தை எடுத்தாள்.