கனகசபேசர் வீட்டுக்கு வந்த வெள்ளம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், செம்பாறு ஓடுகிற சீமையை வச்சிரபாகு என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். கோபம் வந்தால் கசையடி, குஷி வந்தால் கொடை. எது எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

ஒரு ஐப்பசியில் ஆறு பொங்கி, கரையோரத்து நாற்பது குடும்பங்களின் வீட்டையும் வயலையும் வாரிக்கொண்டு போய்விட்டது. ராஜா மனசு இளகி ஆணை போட்டார். வெள்ளத்தில் இழந்தவர்களுக்கு மேட்டுக்காட்டில் ஆளுக்கொரு மனையும் நிலமும் அரண்மனை கொடுக்கும். ஆனால் புது இடம் வாங்கினவர் பழைய இடத்தை அன்றைக்கே அரசுக்கு விட்டுவிட வேண்டும்.

இதில் வயிறு எரிந்தது ஒருத்தருக்குத்தான். ராஜாவுக்குப் பக்கத்து ஆசனக்காரர் கனகசபேசர். தினமும் காலையில் அவரைத்தான் ராஜா முதலில் நலம் விசாரிப்பார். இப்போதோ சேறும் சகதியுமாக வந்து நிற்கிறவர்களை விசாரிக்கிறார். போதாததற்கு, கனகசபேசரின் மாளிகை இருப்பதும் அதே மேட்டில்தான். நமக்கு எதிர்வீட்டில் இவர்களா, அதுவும் சும்மா கிடைத்த மனையிலா என்று மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் வெள்ளம் பட்டவர்கள் மேலேயே பொறாமை வந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன ஆறு நம் வீட்டையும் எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா!

ஆறு வராவிட்டால் என்ன? வண்டி வண்டியாக ஆற்றுச் சேற்றைக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையாலேயே சுவரெங்கும் மார்பளவுக்குப் பூசினார். ராஜாவை அழைத்துப்போய்க் காட்டிக் கண்ணைக் கசக்கினார். மேட்டில் வெள்ளம் எப்படி ஏறியது என்று ராஜா கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்கு இரக்கப்படுகிற நாள்.

மிச்சம் இருந்தது ஒரே மனை. கரையில் கத்திரி போட்டுப் பிழைத்த அங்காயிக்கு உரியது அது. மூன்று பிள்ளைகளோடு சத்திரத்து மூலையில் கிடந்தாள். அவளை அடுத்த மழைவரை பொறுக்கச் சொல்லிவிட்டு, ராஜா அதைக் கனகசபேசருக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலையே அங்காயி சபைக்கு வந்தாள்.

"என்ன அங்காயி, என் மனைக்கு வேலி கட்டித்தர வந்தாயா?" என்றார் கனகசபேசர்.

"அதுக்கென்ன சாமி, கட்டிட்டாப் போச்சு," என்றவள் ராஜா பக்கம் திரும்பினாள். "மகாராசா, ஆணைப்படி சாமி இன்னைக்கு மாளிகையை விட்டுடுவாருல்ல? வெள்ளம் ஏறின வீடானாலும் பரவாயில்லை. அடுத்த மழை வரைக்கும் புள்ளைங்களோட நான் அங்க இருந்துக்கிறேன். கூடத்துல ஆட்டைக் கட்டிக்குவேன்."

சபையில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். மாளிகைக்கு அந்த ஆணை பொருந்துமா என்று கனகசபேசர் இழுத்தார்.

"ஆணை எல்லாருக்கும்தான்," என்றார் ராஜா. "வெள்ளம் வந்ததா, வரவில்லையா?"

வந்தது என்றால் மாளிகை போகும். வரவில்லை என்றால் மானம் போகும்.

"வரவில்லை, மகாராஜா."

"அப்போது அந்தச் சேறு?"

"அடியேன்தான் பூசினேன்."

எல்லாரும் கசையடியை எதிர்பார்த்தார்கள். ராஜாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்காயிக்கு அவள் மனை திரும்பியது, கூடவே ஒரு ஜோடி உழவு மாடும். பிறகு கனகசபேசரைப் பார்த்து, "நானே நம்புகிற மாதிரி பூசியிருக்கிறீர். மேட்டில் நாற்பது வீட்டுக்குச் சுவர் எழும்புகிறது, பூச ஆள் போதவில்லை. நாளைக்கே கிளம்பும்," என்றார்.

அங்காயி வீட்டுச் சுவரில்தான் தொடக்கம். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கனகசபேசர் பூசிக்கொண்டிருந்தபோது ராஜா அந்த வழியாக வந்தார். பக்கத்து வீட்டுக் கொத்தனார் பூசிய சுவரைத் தடவிப் பார்த்து, "வழவழவென்று இருக்கிறதே," என்று மெச்சிவிட்டுப் போனார்.

அன்றைக்கும் கனகசபேசருக்குச் சோறு இறங்கவில்லை.