தலைப்புக்குப் புருஷன் தேடிய கதை

மொட்டைப்பனங்குளத்தில் புத்தி என்பது பொதுச்சொத்து. அதனால் தனியாக யாரும் அதை எடுத்துச் செலவழித்ததில்லை.

அந்த ஊரில் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் திரவியம், ஒன்பது வருஷம் முதுகொடிய உட்கார்ந்து ஒரு குளிர்தேசத்து மகாநாவலைத் தமிழாக்கி முடித்தார். தலைப்பு: 'உறைபனியில் ஒரு விதவை'. பதிப்பகம் பதில் எழுதியது: "தலைப்பு உங்கள் ஊரில் எல்லோருக்கும் புரிந்தால்தான் அச்சுக்குப் போகும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்."

எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும்தானே? வியாழக்கிழமை காலையிலேயே படிப்பகத்தில் கூட்டம் போட்டார் திரவியம்.

"உறைபனியை நம்மூர்ல யாரு கண்டா?" என்றார் படிப்பகத் தலைவர் பூவலிங்கம். "மழைன்னு போடும்."

"மழைய மட்டும் கண்டோமாக்கும்?" என்றான் செயலாளர் இசக்கி.

நியாயம்தான். வெயில் என்று ஏகமனதாக முடிவானது.

"அடுத்து, விதவை. அட்டைக்கு மஞ்சள் குங்குமம் வச்சுப் பூசை போடணும்லா? நல்ல காரியத்துல அவளை முன்னால நிறுத்துவாகளா?" என்றார் பூவலிங்கம்.

"நிறுத்துனா என்னவே?" என்றார் திரவியம்.

"நிறுத்தலாம். ஊருக்குப் புரியாது."

புரியாவிட்டால் ஒன்பது வருஷமும் பரணுக்கு. திரவியம் தலையை ஆட்டினார். 'வெயிலில் ஒரு சுமங்கலி' பிறந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கே ஒரு சந்தேகம் வந்து, திரும்பி வந்தார். "புருஷன் முதல் பக்கத்துலயே செத்துப்போறானே!"

"அந்தப் பக்கத்தைக் கிழியும்" என்றார் பூவலிங்கம்.

கிழித்தார்.

"இப்ப அவ என்ன செய்தா?" என்றான் இசக்கி.

"நானூறு பக்கமும் அழுதா. புருஷனைக் காணோம்னு."

மூவரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். சாகாதவன் எங்கே போனான்? அவனைத் தேடிக் கொடுக்காமல் புத்தகத்தை அனுப்பினால் பெண்பாவம் சும்மா விடுமா?

சாயங்காலமே பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: 'காணவில்லை. வயது நாற்பது. கடைசியாகக் கம்பளிக் குல்லா அணிந்திருந்தார்.'

மறுநாள் சித்திரை வெயில் பதினோரு மணிக்கு, குல்லா போட்ட ஒருவரைப் பூவலிங்கமும் இசக்கியும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் திரவியம் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

"ஐயா, நான் வெளியூரு. காதுவலி, அதான் குல்லா..."

"பேசாதேயும்!" என்று அதட்டினார் பூவலிங்கம். "ஒருத்திய நானூறு பக்கம் அழவிட்டுட்டு, காதுவலியாம்!"

திரவியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கையெழுத்துப் பிரதியைப் பதினேழாம் பக்கத்தில் விரித்து அந்த ஆள் முன்னால் தரையில் வைத்தார்.

"இந்தப் பக்கத்துல அடுப்படியிலதான் இருக்கா. செருப்பைக் கழத்திட்டு, சட்டுன்னு உள்ள போங்க தம்பி. பன்னெண்டு மணிக்குத் தபால் எடுத்துருவாங்க."