பாதிச் சொல்லில் நின்ற பாட்டு

ருமேனியா தேசத்தில் யாஷ் என்றொரு நகரம். தெருவுக்குத் தெரு கிறிஸ்தவக் கோயில் உள்ள ஊர். அங்கே ருக்ஸாந்த்ரா என்ற அம்மையார் இருந்தார். பெரிய இசைக்குழுக்களுக்குப் பாட்டு அமைத்து எழுதிக் கொடுப்பவர். அவருடைய மாணவர் ஹோரியா. ஹோரியாவுக்கும் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் மாணவர்தான்.

அம்மையாருக்கு நுரையீரலில் நோய். நாளை மறுநாள் அறுவை சிகிச்சை. பிழைத்து வருவது கடவுள் கையில் என்று டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். ஈஸ்டருக்கு அரங்கேற வேண்டிய பாட்டு முடியாமல் கிடந்தது. கணவர் இறந்த வருஷம் தொடங்கிய பாட்டு அது. "மீதியை நீ எழுதப்பா" என்று ஹோரியாவிடம் கொடுத்திருந்தார்.

அன்று மாலை ஹோரியா வந்து தாள்களைப் பியானோமேல் போட்டார்.

"என்னால் ஆகாது, அம்மா."

"ஏன்?"

"ஒட்டுத் தெரியும். இதுவரை அந்த அம்மா எழுதியது, இதற்குமேல் இவன் எழுதியது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்."

அம்மையார் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அதுவும் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். 'ஆண்டவரே, இரங்கும்' என்ற வரி. 'இர' வரைக்கும் இருக்கிறது, அப்புறம் வெறும் தாள். பாதிச் சொல் அம்மா! அந்த வரியையாவது முடித்திருந்தால் நான் புதிதாக ஒன்று தொடங்கியிருப்பேன். உங்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது, குறை சொல்லவில்லை. நாளைக் காலையில் இசைக்குழுவுக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்."

"சொன்னால்?"

"வேறு யாருடைய பாட்டையாவது வாசிப்பார்கள்."

"இது?"

ஹோரியா தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"பெட்டிக்குள் போய்விடும்" என்றார் அம்மையார். இருமல் வந்தது. அது அடங்கும்வரை ஹோரியா நாற்காலி முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி, காலையில் சொல்லு. இப்போது கோயிலுக்கு வா. படியேறக் கை பிடிக்க ஆள் வேண்டும்."

அந்த ஊர்க் கோயில்களில் வாத்தியம் இல்லை. நாம் பாட்டுக்குச் சுருதி வைப்பதுபோல, அங்கே பாடகருக்குக் கீழே சிலர் ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்து நிற்பார்கள். சுருதிப்பெட்டி கிடையாது, தொண்டைதான். ஹோரியா தம் பாட்டுகளில் அப்படி எழுதியிருக்கிறார். நின்று பிடித்ததில்லை.

ஊரெங்கும் காய்ச்சல். அன்று சுருதி பிடிக்கப் பல் டாக்டர் கவ்ரில் மட்டும் வந்திருந்தார்.

அம்மையார் ஹோரியாவின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "போய் அவர் பக்கத்தில் நில்."

"நானா?"

"தொண்டை இருக்கிறதல்லவா?"

பூசை தொடங்கியது. பாடகர் குரல் எடுத்தார். கீழே இருவரும் ஸ்வரத்தைப் பிடித்தார்கள்.

ஹோரியா மூச்சை விடவேயில்லை. விட்டால் அறுந்துபோகும் என்று பயம். முகம் சிவந்தது, காது அடைத்தது. எப்படியாவது வரி முடியட்டும், வரி முடிவில் மூச்சு விடுவதுதான் பாட்டில் கற்ற முறை என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வரி முடிந்தது. விட்டார்.

அதே இடத்தில் பாடகரும் மூச்சு வாங்கினார். மேலே பாட்டு இல்லை. கீழே பாதிச் சுருதி சட்டென்று விழுந்தது, காலடியில் பலகை உடைந்ததுபோல. முன்னால் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதிரியாரும் பார்த்தார்.

அடுத்த வரியிலும் அப்படியே ஆயிற்று. மறுபடியும் எல்லாரும் திரும்பினார்கள். ஹோரியாவின் சட்டை நனைந்துவிட்டது.

வாசகம் படிக்கும் இடைவெளியில் கவ்ரில் குனிந்து கிசுகிசுத்தார்.

"சார், சாகிறதாக இருந்தால் வெளியே போய்ச் சாகுங்கள். இங்கே சுருதி இருக்கிறது."

"நீங்கள் எப்போது மூச்சு விடுகிறீர்கள்?"

"சொல்லுக்கு நடுவில். மேலே அவர் பாடிக்கொண்டிருப்பார், பக்கத்தில் நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். யாருக்குத் தெரியப்போகிறது? வரி முடிகிற இடத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள், ஐயா. ஊரே அங்கேதான் காது வைத்திருக்கிறது."

மறுபடி பாட்டு எழுந்தது. ஒரு நீண்ட சொல்லின் பாதியில் ஹோரியா கண்ணை மூடிக்கொண்டு ஸ்வரத்தை விட்டார். மூச்சை இழுத்தார். திரும்பச் சேர்ந்துகொண்டார்.

யாரும் திரும்பவில்லை.

பூசை முடிந்து படியிறங்கும்போது அம்மையார் ஹோரியாவின் கையைப் பிடித்திருந்தார். நடுவில் நின்று இளைப்பாறினார்.

"கவ்ரில் எங்கே மூச்சு விட்டார் என்று கேட்டதா?"

"இல்லை. பக்கத்தில்தான் நின்றேன். கேட்கவில்லை."

"உனக்கு நெஞ்சு அடைத்ததா?"

"முதலில் அடைத்தது." ஹோரியா குரல் தழைந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. "கோயில் வேறு, அம்மா. நாளைக்கு நான் என்ன செய்வேன்? கை வலித்தாலும் அந்த ஒரு வரியை நீங்கள் முடித்திருக்கக்கூடாதா?"

"கை வலிக்கவில்லையே. அன்றைக்குப் பேத்திக்கு ஸ்வெட்டர்கூடப் பின்னினேன்."

ஹோரியா அப்படியே நின்றுவிட்டார்.

"பிறகு ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்?"

அம்மையார் அடுத்த படியில் மெல்லக் கால் வைத்தார்.

"வரி முடிகிற இடத்தில் நிறுத்தியிருந்தால், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களேப்பா."